அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும், மிஸ்?

2023 நவம்பர் 11

ஒரு கேள்வி. டிரோசோபிலா மொரீஷியானா என்று ஓர் ஈ இருக்கிறது. பழம் கனிந்து புளித்தால் சமையலறையில் மொய்க்குமே, அந்தச் சின்ன ஈயின் நெருங்கிய உறவு. நம் மொரீஷியஸ் தீவையும் ரொட்ரீக்ஸ் தீவையும் விட்டால் அதற்கு வேறு தாயகம் இல்லை. 1974-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைத் தனி இனம் என்று விவரித்து நம் தீவின் பெயரைச் சூட்டினார்கள். இன்று பல நாட்டு ஆய்வகங்களில் அதைக் குப்பி குப்பியாக வளர்க்கிறார்கள். மொரீஷியஸில் பள்ளியில் படித்த யாராவது இதை வகுப்பில் கேட்டதுண்டா?

நான் 28 ஆண்டுகள் ஹெச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதி வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தியவள். அழிந்துபோன டோடோ பறவையைப் பற்றி நூறு தடவை பேசியிருப்பேன். உயிரோடு இருக்கும் இந்த ஈயைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டில் ஒரு பேராசிரியையின் வகுப்பில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

2023 நவம்பர் 12

"பழ ஈ விவசாயியின் எதிரி, அதைக் கொண்டாட வேண்டுமா?" என்று தோட்டம் வைத்திருக்கும் ஐயா கேட்டிருக்கிறார். நீங்கள் சொல்வது வேறு ஈ, ஐயா. மாங்காயையும் பாகற்காயையும் துளைத்து உள்ளே முட்டையிடும் ஈ உருவத்தில் பெரியது, சிறகில் கோடுகள் இருக்கும், வேறு குடும்பம். 1996-ல் கீழைநாட்டுப் பழ ஈ நம் தீவில் நுழைந்தபோது, ஆண் ஈக்களைக் கவரும் மருந்தும் நஞ்சு கலந்த இரையும் வைத்து அதை ஒழித்தார்கள். அந்தப் போராட்டம் எனக்கும் நினைவிருக்கிறது. நான் சொல்லும் டிரோசோபிலாவோ நல்ல பழத்தைத் துளைப்பதில்லை. புளித்த பழத்தில் உள்ள ஈஸ்ட்டைத் தேடி வருவது அது.

2023 நவம்பர் 12, இரவு

அளவு கேட்ட தம்பிக்கு: இரண்டரை மில்லிமீட்டர். எள்ளின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பாகை வெப்பத்தில் முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும்.

2023 நவம்பர் 18

அந்த வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். விரிவாகவே எழுதுகிறேன்.

2022-ல் அண்ணன் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். அங்கே அவள் ஆய்வு மாணவி. "அத்தை, வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள், எங்கள் பேராசிரியையின் வகுப்புக்கு வாருங்கள்" என்றாள். ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். போன ஐந்தாவது நிமிடம் என் கையில் இரண்டு இடுக்கிகள் இருந்தன.

கரியமில வாயுவில் மயங்கிக் கிடந்த பெண் ஈ ஒன்றை உப்புநீர்த் துளியில் போட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். ஓர் இடுக்கியால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மற்றதால் வயிற்றின் நுனியை மெல்ல இழுக்க வேண்டும். முதல் நாலு ஈக்கள் நசுங்கின. ஐந்தாவதில் இரண்டு வெள்ளைக் குலைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. அவைதாம் சூலகங்கள். ஒவ்வொன்றிலும் பதினாறிலிருந்து இருபது இழைகள். ஊசியால் பிரித்தால் ஒவ்வோர் இழையும் மல்லிகைச் சரம்போல நீள்கிறது. ஒரு முனையில் கண்ணுக்கு எட்டாத அரும்பு, அடுத்தது மொட்டு, அதற்கடுத்தது பெரிய மொட்டு, மறு முனையில் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள முழு முட்டை. ஒரு முட்டை உருவாகும் படிகள் முழுவதும் ஒரே இழையில் காலவரிசைப்படி அடுக்கியிருக்கின்றன. நான் பாடப்புத்தகத்தில் எட்டுப் படங்களாகக் காட்டியது இது. மூச்சே நின்றுபோனது எனக்கு.

பேராசிரியை அதுவரை பாடம் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் நடுவே ஒரு கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் ஊகித்தது. பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த இழையில் குருத்தணு (ஸ்டெம் செல், தான் மாறாமல் தங்கி மற்றச் செல்களை ஈன்றுகொண்டே இருக்கும் செல்) எது? எல்லோரும் நுனியைக் காட்டினோம். புத்தகத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது. "அதன்மேல் பெயர் எழுதியிருக்கிறதா? நுனியில் நிறைய செல்கள் இருக்கின்றன. இதுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த மௌனத்தை அவர் கலைக்கவில்லை. அடுத்த வகுப்புவரை அதை எங்களிடமே விட்டுவிட்டார்.

பதில் இதுதான். வெப்பம் பட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில் மட்டும் ஒரு நிற அடையாளம் விழும்படி ஈயின் மரபணுவை முன்கூட்டியே மாற்றி வைத்திருப்பார்கள். அடையாளம் விழுந்த செல்லின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அது தொடரும். பல நாள் கழித்துச் சூலகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடையாளம் சாதாரணச் செல்லில் விழுந்திருந்தால் அதன் சந்ததி முட்டையாகி வெளியேறியிருக்கும், இழையில் சுவடே இராது. குருத்தணுவில் விழுந்திருந்தால் நுனியிலும் அடையாளம் இருக்கும், இழை நெடுக ஒவ்வொரு படியிலும் இருக்கும். ஒரு செல் குருத்தணுவா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது விட்டுச்சென்ற வரிசையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

28 ஆண்டுகளாக நான் கரும்பலகையில் நடுவே ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் அம்புகள் போட்டு, தசை, நரம்பு, இரத்தம் என்று எழுதி, "இது எதுவாகவும் மாறக்கூடிய தாய்ச்செல்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். வளர்ந்த உடலில் இருக்கும் குருத்தணு நினைத்ததாகவெல்லாம் மாறிவிடுவதில்லை. ஈயின் சூலக நுனியில் இருப்பது முட்டை வரிசையை மட்டுமே தரும். குடலில் இருப்பது குடலை மட்டுமே புதுப்பிக்கும்.

2023 நவம்பர் 19

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. ஒரு பையனின் நினைவு.

1990-களின் கடைசி. மேலே சொன்ன வட்டத்தையும் அம்புகளையும் நான் போட்டு முடித்ததும், ஜன்னலோரத்தில் இருந்தவன் எழுந்து கிரியோலில் கேட்டான்: "மற்றதெல்லாம் மாறிவிடுகிறது, அது மட்டும் மாறாமல் இருக்க வேண்டும் என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும், மிஸ்?" நான் சொன்ன பதில், "அது அதன் இயல்பு." அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அந்தத் தலையாட்டல் இன்றும் கண்ணில் நிற்கிறது.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

இழையின் நுனியில், முட்டைச் சந்ததியைச் சேராத சில செல்கள் தொப்பிபோல உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை ஒட்டியபடி இரண்டு அல்லது மூன்று குருத்தணுக்கள். தொப்பிச் செல்கள் டிபிபி என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது மிகக் குறுகிய தூரமே எட்டும். அது எட்டும்வரை குருத்தணுவுக்குள் ஒரு மரபணு அடக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த மரபணுவுக்கு ஈ ஆய்வாளர்கள் வைத்த பெயர் "கோலிப் பை". அது கெட்டுப்போன ஈயின் சூலகத்தில் முட்டைகளுக்குப் பதிலாக உருண்டை உருண்டையாகச் செல்கள் நிறைந்து, பையில் கோலிக்குண்டுகளைக் கொட்டியதுபோல இருக்கும்.

குருத்தணு ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. தொப்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது குருத்தணுவாகவே தங்குகிறது. மற்றது ஒரே ஒரு செல் அகலம்தான் தள்ளிப்போகிறது. ஆனால் அங்கே சமிக்ஞை போதவில்லை. கோலிப் பை விழித்துக்கொள்கிறது. அந்தச் செல் நாலு முறை பிரிந்து பதினாறாகிறது. அதில் ஒன்று முட்டை, மீதிப் பதினைந்தும் அதற்கு ஊட்டும் செல்கள்.

ஆகவே தம்பி, நீ எங்கிருந்தாலும் சரி: அந்தச் செல்லுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவை அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

எலியின் இரத்தச் செல்களை ஆராய்ந்த ஸ்கோபீல்ட் 1978-லேயே இதை ஒரு கருதுகோளாக எழுதிவிட்டார். ஈயின் சூலகத்தில் டிபிபியின் பங்கை டிங் ஷீ, ஆலன் ஸ்ப்ராட்லிங் இருவரும் 1998-ல் வெளியிட்டார்கள். குருத்தணுவைக் காக்கும் அந்த இடத்தை 2000-ல் காட்டினார்கள். பையன் என் வகுப்பில் எழுந்து நின்ற அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில் அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு விடை தெரியாதது குற்றமில்லை. தெரியாது என்று சொல்லாததுதான் என்னை உறுத்துகிறது.

2023 நவம்பர் 25

சொல்லைப் பற்றிய சண்டை. "ஸ்டெம் செல் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்" என்கிறார் ஒருவர். "தண்டு செல்" என்கிறார் இன்னொருவர். தண்டு வேண்டாம். ஸ்டெம் செல் என்பதன் மூலச் சொல் ஜெர்மன் மொழியில் 1868-ல் உயிரியலாளர் ஹெக்கெல் ஆண்டது. அவர் மனத்தில் இருந்தது குலமரம், அதன் அடிமரம். கீரைத்தண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குருத்தணு என்ற சொல்லை நான் விடமாட்டேன். காரணம் என் பாட்டி. சித்திரை வருடப்பிறப்புக்கு ஏழு கறி பரிமாற இலை அறுக்கப் போகும்போது, "குருத்தில் கை படக் கூடாது" என்பார். வாழையில் நாம் மரம் என்று சொல்வது இலைமட்டைகளின் சுருள். வளரும் முனை கீழே கிழங்கில் இருக்கிறது. அங்கிருந்துதான் ஒன்றன்பின் ஒன்றாக இலைகள் புறப்படுகின்றன, நடுவில் எப்போதும் ஓர் இளங்குருத்து நிற்கும். முனை அங்கேயே தங்குகிறது, அது ஈன்றவை வரிசையாக வெளியே தள்ளப்படுகின்றன. ஈயின் சூலக இழையில் நான் கண்டதும் இதேதான். செடிகளின் குருத்தணுக்கள் இருப்பதும் உண்மையிலேயே வளரும் முனையில்தான். இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது?

2023 டிசம்பர் 3

இன்று அண்ணன் மகள் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டுக் கை நடுங்க எழுதுகிறேன். நம் ஈயும் குருத்தணுவும் ஒரே கட்டுரையில்! 2011-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹொராசியோ பிரைட்மன் ஆய்வகம் வெளியிட்டது. பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது. அது டிரோசோபிலா மொரீஷியானாவின் சூலகத்தில், குருத்தணுவைக் காக்கும் அந்த நுனி இடத்திலேயே போய்க் குடியேறுகிறது. குருத்தணு வேகமாகப் பிரிகிறது, முட்டையாக வேண்டிய செல்கள் சாவதும் குறைகிறது. தொற்றுள்ள ஈ தொற்றில்லாததைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு முட்டையிட்டது. பாக்டீரியாவுக்கு முட்டைதான் வண்டி. வண்டி அதிகமானால் அதற்குத்தானே லாபம்!

நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்க வேண்டியது இது.

2023 டிசம்பர் 9

நவம்பர் 19 குறிப்பில் ஒரு திருத்தம். "இடம்தான் எல்லாம்" என்று அதை இங்கே பலர் சுருக்கிவிட்டீர்கள். நான் எழுதிய விதமும் அதற்கு இடம் கொடுத்துவிட்டது.

2003-ல் தோஷியே கையும் ஸ்ப்ராட்லிங்கும் குருத்தணு இழந்த காலி இடங்களை ஆராய்ந்தார்கள். குருத்தணு போன பிறகும் தொப்பிச் செல்கள் வாரக்கணக்கில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருந்தன. முட்டைச் சந்ததியைச் சேராத, பக்கத்து உறைச் செல்கள் அந்தக் காலி இடத்துக்குள் வந்தன. சமிக்ஞை கேட்டுப் பிரியவும் செய்தன. ஆனால் அவை முட்டை ஈனவில்லை. வந்து உட்கார்ந்ததால் மட்டும் வேறொரு குலத்துச் செல்லாகிவிட முடியவில்லை.

மறுபக்கம், 2004-ல் அதே இருவர் இன்னொன்றையும் காட்டினார்கள். பதினாறாகப் பிரியத் தொடங்கிவிட்ட முட்டைக் குலத்துச் செல்கள், சமிக்ஞை கிடைத்தால் திரும்பிக் குருத்தணுவாக முடியும். ஆண் ஈயின் விரையிலும் இப்படித் திரும்புவதை அதே ஆண்டு வேறு இருவர் கண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கேட்கும் காதும் வேண்டும், சொல்லும் வாயும் வேண்டும். பேராசிரியை இந்த இரண்டு கட்டுரைகளையும் ஒரே வாரத்தில் படிக்கச் சொன்னது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

2023 டிசம்பர் 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, கப்பலேறி வந்த நம் முன்னோர்களையும் மொழியை மறக்கும் பிள்ளைகளையும் குருத்தணுவோடு ஒப்பிட்டு ஒருவர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. என் பேரப்பிள்ளைகளும் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். ஆனாலும் இந்த ஒப்புமையை நான் ஏற்கமாட்டேன். செல்லுக்கு ஏக்கம் கிடையாது, குடிபெயர்ந்த மனிதருக்கு டிபிபி கிடையாது. ஈயைப் பற்றிப் பேசும்போது ஈயைப் பார்ப்போம்.

2024 ஜனவரி 6

டிசம்பர் 3-ல் எழுதியதைப் படித்தவர்கள் தயவுசெய்து இதையும் படியுங்கள்.

2019-ல் வேறொரு குழு நம் ஈயையே எடுத்து, வோல்பாக்கியா உள்ளவை எத்தனை முட்டையிடுகின்றன, இல்லாதவை எத்தனை என்று எண்ணியது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. முன்பு வெளியான முடிவுக்கு இது முரண் என்றும் அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று: அந்தப் பாக்டீரியா நம் தீவின் ஈக்களில் எல்லாவற்றிலும் இல்லை, ஒரு பகுதியில்தான் இருக்கிறது. நாலு மடங்கு லாபம் எப்போதும் உண்டு என்றால் அது இந்நேரம் தீவு முழுவதும் பரவியிருக்க வேண்டாமா? ஏதோ ஒரு சிறு நன்மையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேராத குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்பது அவர்கள் கணிப்பு.

"அப்படியானால் 2011 கட்டுரை பொய்யா?" என்று கேட்கப்போகிறீர்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஈக்களின் பரம்பரை வேறாக இருந்திருக்கலாம், வளர்த்த விதம் வேறாக இருந்திருக்கலாம். அது என் ஊகம், வலப்பக்கப் பத்தியில் எழுத வேண்டியது. நாலு மடங்கு என்று நான் துள்ளிக்குதித்தபோது அதை இடப்பக்கத்தில் எழுதிவிட்டேன். என் கண்ணால் ஒரு முட்டையைக்கூட எண்ணாமல்.

இனி இதைப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஆசிரியர்கள் இரண்டு கட்டுரைகளையும் சேர்த்தே வையுங்கள். நம் தீவின் பெயர் வருகிறது என்பதற்காக இனிப்பானதை மட்டும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

2024 ஜனவரி 20

போன திங்கள் பெலால் சூறாவளி. போர்ட் லூயியில் தண்ணீர் கார்களை இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் தெருவில் மின்சாரம் மட்டும்தான் போனது. எல்லோரும் நலம்.

என் சமையலறை ஈக்களைப் பிடித்து வளர்க்க முயல்கிறேன். மக்காச்சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை, அகர் காய்ச்சிக் குப்பியில் ஊற்றி, பஞ்சால் அடைத்து வைத்தேன். ரோஸ் ஹில் வீட்டில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டியது. ஈக்கள் முட்டையிட்டன, ஒன்றும் பொரியவில்லை. இந்தக் குடும்பத்து ஆண் ஈக்கள் ஏறத்தாழ 30 பாகையில் மலடாகிவிடுகின்றன என்று அண்ணன் மகள் எழுதினாள். உடனே குப்பிகளை நனைந்த துணியில் சுற்றி, கியூர்பிப்பில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே குளிர்ச்சி. காவடி விரதத்தில் இருந்த அண்ணி, "பூஜை அறைப் பக்கம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிக் கொல்லைப்புற அறையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

2024 பிப்ரவரி 11

இந்த ஈயால் மனிதனுக்கு என்ன பயன் என்று மீண்டும் ஒருவர். பெரிய பட்டியல் போடலாம், போடமாட்டேன். ஒன்றே ஒன்று. 1980-களில் நம் ஈயின் ஒரு வகையில், வெளிர்நிறக் கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதைக் கண்டார்கள். காரணம், மரபணுத் தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டு. அதற்கு மாரினர், மாலுமி, என்று பெயர் வைத்தார்கள். அதன் உறவுத் துண்டுகள் பிறகு எண்ணற்ற விலங்குகளில் கிடைத்தன. மனிதனிலும் அவற்றின் எச்சங்கள் இருக்கின்றன. மொரீஷியஸ் ஈயின் கண்ணில் தொடங்கிய தேடல் அது.

2024 பிப்ரவரி 11, இரவு

கியூர்பிப் குப்பிகளில் புழுக்கள் சுவரேறுகின்றன. அடுத்த வாரம் கூட்டுப்புழு.

2024 ஏப்ரல் 21

முக்கியமான ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் வளர்ப்பது நம் ஈதானா? டிரோசோபிலா மெலனோகாஸ்டர் உலகெங்கும் சமையலறைகளில் இருப்பது, நம் சமையலறைகளிலும் உண்டு. பெண் ஈக்களைப் பார்த்து வேறுபாடு சொல்வது மிகக் கடினம். ஆண் ஈயின் பின்முனையில் உள்ள ஒரு சிறு மடலின் வடிவம்தான் இனத்தைக் காட்டும். மொரீஷியானாவில் அது விரல்போலக் குறுகியிருக்கும், மெலனோகாஸ்டரில் அகன்றிருக்கும்.

என் சமையலறை ஈக்களில் ஆறு ஆண்களைப் பார்த்தேன். ஆறிலும் அகன்ற மடல். மூன்று மாதமாக நான் வளர்த்தது நம் ஈ இல்லை.

இப்போது சீனக் கொய்யாக் காலம். அண்ணன் வீட்டு வேலியோரத்தில் பழங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. நேற்று மாலை ஒரு பாட்டிலில் அவற்றை நசுக்கிப் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகி, மரத்தடியில் வைத்தேன். இன்று காலை பதினொரு ஈக்கள், நாலு ஆண். முன்பு வேலை பார்த்த பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய பழைய நுண்ணோக்கி, கண்ணாடியில் ஒரு கீறல். முதல் மூன்றிலும் அகலம். நாலாவதை ஊசியால் திருப்பி, விளக்கைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அண்ணனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். என்ன தேடுகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை, கண்டதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"சின்னதாக, விரல் மாதிரி ஒன்று" என்றார்.

நோட்டில் இடப்பக்கம் எழுதியிருக்கிறேன். படம் எடுத்து அண்ணன் மகளுக்கு அனுப்பியாகிவிட்டது. அவள் பதில் வரும்வரை இனத்தின் பெயரை வலப்பக்கத்தில்தான் வைத்திருப்பேன்.